கார்டிஃபுக்குப் போன கறித்தூள்

கார்டிஃப்
12 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய குமுதா அம்மா அவர்களுக்கு,

என் பெயர் சூசைமுத்து. உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்களை டின் மேல் எழுதியிருக்கும் பெயராகத்தான் தெரியும். நானும் நம்ம சிலாங்கூர் பக்கத்து ஆள்தான். புக்கிட் பெருந்துங்கில் என் அக்கா குடும்பம் இன்னும் இருக்கிறது. ஒரு ஓட்டலில் தட்டு கழுவ இந்த ஊருக்கு வந்தவன், உடையப்பன் சொந்தமாகக் கடை போட்டபோது அவனோடு சேர்ந்துகொண்டேன். வெங்காயம் உரிப்பது, மீன் கழுவுவது, வெளியே போய் வெள்ளைக்காரர்களிடம் சிரிப்பது எல்லாம் நான். அடுப்பு அவன்.

ஜனவரியில் அவன் இறந்துபோன செய்தி உங்களுக்கு வந்திருக்கும். மாரடைப்பு. கடை திறக்க வரவில்லையே என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தது நான்தான். அதை எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன். அவனுக்குக் குடும்பம் இல்லை. அவனுடைய அக்கா மகன் சரண் அங்கிருந்து வந்து இங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கொண்டுபோய் கோலசிலாங்கூரில் கரைத்துவிட்டதாகப் போன் செய்தான்.

இப்போது எழுதும் காரணம் வேறு. கடையை ஒரு பங்களாதேஷ் பையன் எடுத்துக்கொள்கிறான். சாமான் அறையைக் காலி செய்யும்போது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று பிஸ்கட் டின்கள் இருந்தன. சுற்றிலும் டேப். மேலே உங்கள் பெயரும் விலாசமும். கறித்தூள் என்று எழுதியிருந்தது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குப்பையில் போட கை வரவில்லை. வைத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

சரணிடம் உங்கள் நம்பர் கேட்டேன். உங்களுக்கும் உடையப்பனுக்கும் ஏதோ மனஸ்தாபம், போன் செய்ய வேண்டாம் என்றான். அதனால்தான் கடிதம். தப்பாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூசைமுத்து


புக்கிட் ரோத்தான்
29 ஏப்ரல் 2025

சூசைமுத்து அண்ணனுக்கு,

குமுதா எழுதறேன். நீங்க அம்மா அவர்கள்னு போட்டிருந்ததைப் பார்த்து, யாரோ கோயிலுக்கு நன்கொடை கேக்குறாங்கன்னு என் வீட்டுக்காரர் சிவானந்தம் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. டின்னைக் குப்பையில போட்டுடுங்க. அவ்வளவுதான்.

இப்படி எழுதி உறையை ஒட்டிட்டேன். ராத்திரி பிரிச்சு மறுபடியும் எழுதறேன்.

உடையப்பனும் நானும் தோட்டத்து லயத்துல அடுத்தடுத்த வீடு. ஒரே தமிழ்ப்பள்ளி. எங்க தோட்டத்துல ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டப்ப ஆளுங்க எல்லாம் திசைக்கு ஒண்ணாப் போனாங்க. அவன் கடல் தாண்டினான், நான் கல்யாணம் கட்டி புக்கிட் ரோத்தான் வந்தேன். வீட்டுக்குப் பின்னால ஒரு மெஷின் போட்டுக் கறித்தூள் அரைச்சேன். இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் என் தூள்தான். சும்மா பெருமைக்குச் சொல்லல, யாரை வேணும்னாலும் கேளுங்க.

அவன் கடை போட்டதும் முதல் போன் எனக்குத்தான் வந்துச்சு. இங்க விக்கிற தூள் செங்கல் பொடி மாதிரி இருக்கு, நீ அரைச்சு அனுப்புன்னான். அனுப்பினேன். கோவிட் வந்து பார்சல் நின்னுபோற வரைக்கும் தவறாம அனுப்பினேன். மறுபடி பார்சல் போக ஆரம்பிச்சதும் மூச்சு விடாம போன் பண்ணினான். அனுப்பு குமுதா, சீக்கிரம் அனுப்பு, உன் தூள் வந்தா எல்லாம் சரியாயிடும்னான். மல்லியை ஒண்ணொண்ணாப் பொறுக்கி, வறுத்து, அரைச்சு, பேப்பர்ல கொட்டிச் சூடு ஆறவெச்சு, ஆறு டின் கட்டி அனுப்பினேன்.

2022 தீபாவளிக்கு முந்தி போன் வந்துச்சு. சாப்பிட்டியான்னுகூட கேக்கல. எடுத்த எடுப்புல, உன் தூள்ல வாசமே இல்ல, யாருக்கோ அரைச்ச மாதிரி அரைச்சிருக்கன்னான். வெள்ளைக்கார ஊரு உன்னை அவ்வளவு பெரிய ஆளாக்கிருச்சான்னு நான் கேட்டேன். அப்புறம் சொன்னான், "வாசம் இல்ல குமுதா. எனக்கு வரல." நான் போனை வெச்சு நம்பரை பிளாக் பண்ணிட்டேன். சரண் சமாதானம் பேச வந்தான், டீ குடுத்து அனுப்பிட்டேன்.

வீம்புக்குச் செஞ்சேன்னு நினைக்காதீங்க. அவன் வாயில வந்த சொல்லு அண்ணே, அதான் என்னைப் போட்டுத் தின்னுச்சு. வேற எவ சொல்லியிருந்தாலும் போடின்னு விட்டிருப்பேன். அவன் நாக்கும் மூக்கும் எனக்குத் தெரியும். எங்கம்மா வீட்டுக் குழம்பு கொதிக்கிறப்பவே உப்பு பத்தலைன்னு அவன் வீட்டுல இருந்து கத்துவான். அவன் வாசம் இல்லைன்னா இல்லைதான். மல்லி கருகிடுச்சோ, சூட்டோட கட்டிட்டேனோ, வெந்தயம் கூடிப்போச்சோன்னு யோசிச்சு யோசிச்சு, அடுத்த தூளை அரைக்காமத் தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். மோந்து பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தினம் அதுலயே கிடக்குற மூக்கை எப்படி நம்புறது? கல்யாண ஆர்டர் வந்தா உடம்பு சரியில்லன்னேன். அப்புறம் மெஷினையே நிப்பாட்டிட்டேன். இப்ப இங்க எல்லாரும் பாக்கெட் தூள்தான் வாங்குறாங்க.

அவன் சாம்பலைக் கரைச்ச அன்னைக்கு நான் சரண் வீட்டுக்குப் போகல. பாசிர் பெனம்பாங் படகுத்துறையில மீன் வாங்க வந்தவ மாதிரி கூடையோட நின்னேன். படகு போச்சு, திரும்பி வந்துச்சு. மீனும் வாங்காம வந்துட்டேன்.

இப்ப நீங்க மூணு டின் பிரிக்கவே இல்லைங்கிறீங்க. பிரிக்காம எப்படிலா வாசம் இல்லைன்னு சொன்னான்? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அந்த அடுப்படியில நின்ன ஆளு. என் தூள் கெட்டுத்தான் போயிருந்துச்சா? அது மட்டும் தெரியணும். மழுப்பாம எழுதுங்க.

போன் பண்ணாதீங்க. போன்னா எனக்குக் கோவம் முன்னால வந்துடும், கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டேன்.

குமுதா


கார்டிஃப்
17 மே 2025

அன்புள்ள தங்கச்சி குமுதாவுக்கு,

அண்ணன் என்று எழுதிவிட்டீர்கள், அதனால் நானும் தங்கச்சி என்கிறேன். கடிதத்தைப் பலமுறை படித்தேன். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது. மழுப்பக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

ஆறு டின் வந்தது உண்மை. மூன்றைப் பிரித்தான், மூன்றைப் பிரிக்கவில்லை. உங்கள் தூளை நான் தனியாக மோந்து பார்த்தது கிடையாது. தூள் டின்னை அவன் யாரையும் தொடவிட மாட்டான், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பிரித்த மூன்றையும் அந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். கேட்டதற்கு, குமுதா தூள் இந்தத் தடவை சரியில்லை, கடைத் தூள் வாங்கிக்கலாம் என்றான். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

ஆனால் கடைசி மூன்று வருஷம் குழம்பு கெட்டுத்தான் போனது. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் மீன் தலைக்கறிக்குப் பக்கத்து ஊரிலிருந்து கார் போட்டு வருவார்கள். தலையில் கண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள்கூட அடுத்த வாரம் பிள்ளைகளோடு வந்து மிஸ்டர் அப்பன், இன்னொரு தலை என்பார்கள். அந்தக் கூட்டம் மெல்லக் கரைந்தது. ஒரு நாள் குழம்பில் தூள் இரண்டு மடங்கு இருக்கும். ஒரு நாள் வெங்காயம் கருகிப்போய் இருக்கும், அவன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். நான் சொன்னால் கரண்டியை வீசுவான். கேஸ் கசிந்து அடுப்படி முழுக்க நாறுகிறது, அவன் பாட்டுக்கு நின்று மீன் வெட்டிக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய் மூடிக் கதவைத் திறந்தேன். அதற்கும் எனக்குத்தான் திட்டு. அவன் புத்தி வேறு எங்கேயோ இருந்தது.

ஒன்று மட்டும் நல்லது. அதற்கப்புறம் எந்தக் குழம்பு இறக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவான். சூசை, நீ பாரு, நீ சொல்லு என்பான். அவ்வளவு வருஷம் வெங்காயம் உரித்தவனுக்கு அது பெரிய மரியாதை. நான் சரி என்றால்தான் வெளியே போகும்.

உங்கள் தூள்தான் காரணமா என்றால், அவன் அப்படித்தான் சொன்னான். பொய் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எப்படி முழங்கால் போடுவேன்? மன்னித்துக்கொள்ளுங்கள்.

சூசைமுத்து


புக்கிட் ரோத்தான்
2 ஜூன் 2025

சூசை அண்ணே,

கேட்டவ நான்தான். பதில் வந்துருச்சு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.

குழம்பு கெட்டுப்போச்சுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் நான் என்ன பேசுறது. என் தூளால அவன் கடை படுத்துருச்சு. அந்தக் கவலையில மனுஷன் நெஞ்சடைச்சுப் போயிட்டான்னா அதுக்கும் நான்தான் பொறுப்பு. இதை சிவானந்தம்கிட்டச் சொன்னேன். பைத்தியக்காரத்தனமாப் பேசாதன்னு அதட்டிட்டு, அவரு பாட்டுக்கு வெளிய போய் உக்காந்துட்டாரு.

பழைய இரும்பு எடுக்குற லோரிக்காரனுக்குச் சொல்லிவிட்டிருக்கேன். மெஷினை வெளியில இழுத்துப்போட்டுத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சாச்சு. அடுத்த வாரம் வரேன்னான். அது போயிட்டா எனக்கும் நிம்மதி.

அந்த டின்னைத் தயவுசெஞ்சு குப்பையில போட்டுடுங்க. யாருக்கும் குடுக்காதீங்க. என் பேரைக் கிழிச்சுட்டுப் போடுங்க.

குமுதா


கார்டிஃப்
5 ஜூன் 2025

தங்கச்சிக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

போன கடிதத்தைப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. ஒருத்தர் கைத்தொழிலை நான் மோந்துகூடப் பார்க்காமல் கெட்டது என்று எழுதிவிட்டேனே என்று இருந்தது. நேற்று கடைக்குப் போய் ஒரு டின்னை எடுத்து மேசை மேல் வைத்தேன். டேப்பை அறுத்தேன். மூடியை நெம்பினேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பை, அதையும் அறுத்தேன்.

தங்கச்சி, எனக்குத் தும்மல் வந்தது. அடுக்கடுக்காகத் தும்மினேன். கண்ணில் தண்ணீர். வறுத்த மல்லி, சோம்பு, கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வந்து நின்றது. கட்டி வருஷம் மூன்று ஆகப்போகிறது. பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் முரியல் என்ற பெண் எட்டிப்பார்த்து, மறுபடி திறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கையோடு ஒரு மீன் தலை வாங்கிவந்து வைத்தேன். நான் சமையல்காரன் இல்லை, அவன் செய்வதைப் பார்த்த பழக்கம்தான். ஆனாலும் அது பழைய குழம்பு. கூட்டம் வந்த காலத்துக் குழம்பு. முரியல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் நின்றபடியே சாப்பிட்டேன், உட்காரத் தோன்றவில்லை.

அதனால் நான் எழுதியது தப்பு. உங்கள் தூளில் ஒரு குறையும் இல்லை. இதே பார்சலில் வந்த டின்தானே மற்ற மூன்றும்?

அப்படியானால் அவன் ஏன் அப்படிச் சொன்னான்? இதுதான் எனக்குப் புரியவில்லை. அவன் பொய் சொல்லும் ஆளில்லை. உங்கள் மேல் வன்மமா என்றால் அதுவும் இல்லை. அந்த டின்னை எடுத்துப்போன பிறகும் அவன் வீட்டு மேசையில் ஒன்று திறந்தே இருக்கும். காலையில் அவனைக் கூட்டிவரப் போனால் ஜன்னல் வழியே தெரியும், டின்னுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்பான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். குறை கண்டுபிடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். பிடிக்காத தூளைத் தினமும் யாராவது மோந்து பார்ப்பார்களா? கெட்ட பாலைத் தேநீரில் ஊற்றி முகம் சுளிக்காமல் குடிப்பான். அவனுக்கு மூளையில் ஏதாவது வியாதியோ? டாக்டரிடம் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டேனோ? நீங்களாவது சொல்லுங்கள்.

சூசைமுத்து


புக்கிட் ரோத்தான்
20 ஜூன் 2025

அண்ணே,

உங்க கடிதம் வந்தப்ப மெஷின் இன்னும் தார்ப்பாய்க்கு அடியிலதான் இருந்துச்சு. லோரிக்காரன் சொன்ன நாளைக்கு வரல. நல்லவேளை, அவன் வாக்குக் காப்பாத்துற ஆளு இல்ல.

தும்மல் வந்ததுன்னு நீங்க எழுதினதைப் படிச்சு நான் வாசல்லயே உக்காந்துட்டேன். சிவானந்தம் ஓடி வந்து என்ன ஏதுன்னு கேட்டாரு. கடிதத்தை அவருகிட்ட நீட்டினேன். அவரு மெதுவாப் படிப்பாரு. கெட்ட பால் வரைக்கும் வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு.

அண்ணே, அந்தக் கோவிட் காய்ச்சல் இவருக்கும் வந்துச்சு. எல்லாருக்கும் வந்ததுதானே. காய்ச்சல் போன பிறகு இவருக்கு ஒரு மண்ணும் மணக்கல. தெருவே மணக்குற டுரியான் பழத்தைப் பிளந்து மூக்குக்கிட்டக் கொண்டுபோனேன், கட்டையைக் காட்டின மாதிரி பார்த்தாரு. கருவாடு வறுத்தா வீட்டுல எல்லாரும் ஓடுவோம், இவரு மட்டும் டிவி பார்ப்பாரு. டுரியான் சீசன் அந்த வருஷம் அழுதுட்டே போச்சு மனுஷனுக்கு. மறு வருஷம்தான் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. கிளினிக்ல கேட்டப்ப சில பேருக்குத் திரும்பி வராமலே போயிடும்னாங்க.

உடையப்பனுக்குக் காய்ச்சல் வந்துச்சா? எப்ப வந்துச்சு? அதை எழுதுங்க. ஆனா எனக்கு எழுதாமலே தெரிஞ்சுபோச்சு. கேஸ் நாத்தம் தெரியாம நின்னான், கருகினது தெரியாம நின்னான், வெங்காயத்தை நிறத்தைப் பார்த்து வதக்கினான். நீங்க எல்லாத்தையும் எழுதிட்டீங்க, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்க்கலை. நான் மட்டும் சேர்த்துப் பார்த்தேனா? எனக்கு வரலைன்னு போன்ல அவனே வாய்விட்டுச் சொன்னானே. தூள்ல இல்லைன்னுதான் என் காதுல விழுந்துச்சு.

இப்ப எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. மூக்கு போச்சுன்னு என்கிட்டச் சொன்னா நான் என்ன ஊரெல்லாம் தமுக்கு அடிக்கப் போறேனா? சமையக்காரனுக்கு அது வெளிய சொல்ல முடியாத சங்கதிதான், ஒத்துக்குறேன். ஆனா நான் யாரு? அஞ்சாம் வகுப்புல டவுசர் கிழிஞ்சதுக்கு என் ரிப்பனைக் கட்டிட்டுப் போனவன் அவன். அப்படிப்பட்டவன் என் தூளைக் குறை சொன்னானே தவிர, இதைச் சொல்லல. செத்தவன்மேல கோவப்படக் கூடாதுன்னு சிவானந்தம் சொல்றாரு. நான் கோவப்படுவேன்.

இன்னொரு பக்கம் ஒண்ணும் விளங்கல. மூக்கு போன மனுஷன் ஏன் அந்தத் தூளுக்கு அப்படிப் பறந்தான்? ஏன் மூணைப் பிரிச்சு மூணை மூடி வெச்சான்?

குமுதா


கார்டிஃப்
12 ஜூலை 2025

தங்கச்சிக்கு,

காய்ச்சல் வந்தது. 2022 தொடக்கத்தில். கடையை மூடிவிட்டு இரண்டு வாரம் வீட்டில் கிடந்தான். நான் கதவருகே கஞ்சி வைத்துவிட்டு வருவேன். எழுந்து வந்ததிலிருந்துதான் எல்லாம். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். வெட்கம் என்றும் சொல்லலாம். சூசை, நீ பாரு, நீ சொல்லு என்று கூப்பிட்டானே, அது மரியாதை என்று எழுதினேன் அல்லவா? அது மரியாதை இல்லை. அவனுக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. நான் கடைசி வரை என்னவென்று தெரியாமலே மூக்காக நின்றிருக்கிறேன். எனக்கும் சொல்லவில்லை, தினமும் பக்கத்தில் இருந்தவனுக்கு. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட விஷயம். டின் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் பல மாதம் கடைத் தூளைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். இந்த நாட்டுத் தூளில் ஒன்றும் இல்லை, மண், குமுதா தூள் வரட்டும் பார் என்பான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் காத்திருப்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு டின்னைப் பிரித்தான். உள்ளே முகத்தை விட்டான். வெகுநேரம் எடுக்கவில்லை. மூடினான். இரண்டாவதைப் பிரித்தான். மூடினான். மூன்றாவதைக் கத்தியே இல்லாமல் கையால் பிய்த்தான். அடுப்படி முழுக்க மீன் வறுத்த புகை, எனக்கு எந்த வாசமும் தனியாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. பின்பக்கம் போய்த்தான் உங்களுக்குப் போன் செய்தான் போலிருக்கிறது. உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

மீதி மூன்றை நான் பிரிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். "இது இருக்கட்டும் சூசை. இது அப்புறத்துக்கு" என்றான். எப்போது என்று கேட்டேன். மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பங்களாதேஷ் பையன் நல்லவன். அடுத்த மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். அதுவரை கடை என் பொறுப்பு. பலகையில் கோலசிலாங்கூர் கிச்சன் என்று இருப்பதை மாற்றாமல் நடத்தட்டுமா, நீங்களும் என்னோடு நிற்பீர்களா என்று கேட்கிறான். மீன் தலைக்கறி தெரியுமா என்கிறான். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மீதி இரண்டு டின் என்னிடம் இருக்கிறது. என்ன செய்ய?

சூசைமுத்து


புக்கிட் ரோத்தான்
4 ஆகஸ்ட் 2025

சூசை அண்ணே,

இந்த முறை சமையக்கட்டுல உக்காந்து எழுதறேன், காகிதத்துல தூள் பட்டிருந்தா பொறுத்துக்குங்க.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டுப் போய்த் தார்ப்பாயை எடுத்தேன். மெஷின்ல பல்லி முட்டை வெச்சிருந்துச்சு. சிவானந்தம் எண்ணெய் போட்டு பெல்ட் மாத்திக் குடுத்தாரு. வாய் மட்டும் மூடல, லோரிக்காரனுக்கு என்ன பதில் சொல்வன்னு கேட்டுட்டே இருந்தாரு. மல்லி வறுக்குறப்ப சந்துல போன பொம்பளை சைக்கிளை நிறுத்தி, என்னக்கா, யாரு வீட்டுக் கல்யாணம்னு கேட்டா.

அண்ணே, மூணு டின் கணக்கு எனக்கு இப்பத்தான் பிடிபட்டுச்சு. காய்ச்சலுக்கப்புறம் ஒண்ணும் மணக்கலைன்னப்ப, கடைத் தூளைக் குறை சொல்லி மனசைத் தேத்திட்டான். என் தூள் வந்தா மணக்கும்னு நம்பிட்டு இருந்தான். அதுலயும் வரலைன்ன அன்னைக்குத்தான் அவனுக்குத் தன் மூக்கு போச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அந்த நிமிஷத்துல அவன் கூப்பிட்டது என்னைத்தான். சண்டை போட இல்ல அண்ணே. வேற யாருகிட்டயும் போக முடியாம வந்திருக்கான். வந்தவனை வெள்ளைக்கார ஊரு அது இதுன்னு பேசி அனுப்பிட்டேன். இதை எழுதுறப்ப அழுகை வருது. வரட்டும்.

மீதி மூணைப் பிரிக்காம வெச்சது, மூக்கு திரும்பி வந்தா பிரிக்கலாம்னு. மூடியிருக்கிற வரைக்கும் அதுக்குள்ள வாசம் இருக்குதே.

இல்ல, நானா இப்படி ஒரு கதை கட்டி என்னைச் சமாதானம் பண்ணிக்கிறேனா? அதுவும் சில நேரம் தோணுது. அவன் வாயால கேக்க முடியாத வரைக்கும் இது எனக்குத் தீராது.

நீங்க மூக்கா நின்னேன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு உங்க மேல பொறாமையா இருக்கு. அவன் கையில மிச்சம் இருந்த ஒரே பொழைப்பு அது. அதை உங்க நாக்குல குடுத்துட்டு, நீங்க சரின்னு தலையாட்டினா வெளிய அனுப்பினான். எனக்கு அந்த இடத்தைக் குடுத்திருந்தா நான் கண்டபடி திட்டியிருப்பேன்னு தெரிஞ்சுதான் குடுக்கல போல.

டின்னுக்கு வரேன். ஒண்ணைப் பிரிச்சு, சாவி குடுக்குறதுக்கு முந்தி ஒரு நாள் மீன் தலைக்கறி வெச்சு அந்த முரியல், பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுப் போடுங்க. அப்பன் கடைக் குழம்பு இதுதான்னு அவங்களுக்குத் தெரியட்டும், கடைசியாச் சாப்பிட்ட ருசி நாக்குல நிக்க வேணாம். இன்னொண்ணைப் பிரிக்காதீங்க. அது அவனோடது. நீங்க எங்க இருக்கீங்களோ அங்க இருக்கட்டும்.

அந்தப் பையன்கூட நிக்கலாமா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நிக்கிறதா இருந்தா தூளுக்கு யோசிக்காதீங்க. நேத்து அரைச்சதைப் பேப்பர்ல கொட்டிக் காத்தாட விட்டு, நல்லா ஆறின பிறகுதான் கட்டினேன். ரெண்டு டின், நாளைக்குக் கூரியர்ல போகுது. மேல இந்தத் தடவை உங்க பேரு.

வந்ததும் பிரிச்சு மோந்து பார்த்து எழுதுங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுங்க. வாசம் வரலைன்னா வரலைன்னு எழுதுங்க, பயப்படாதீங்க. ஏன் வரல, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பேன்.

குமுதா